மாமல்லபுரத்து வலை பாஸ்டன் வானத்துக்குப் போன கதை: உங்கள் ஊரிலும் ஒன்று கட்டலாமா?

உங்கள் கேள்வி மூன்று வரிதான். மாமல்லபுரத்து மீனவர்களின் வலையைப் பார்த்துத்தான் ஜேனட் எக்கல்மன் என்ற அமெரிக்கக் கலைஞர் நகரங்களின் மேல் வண்ண வலைகளைக் கட்டத் தொடங்கினாரா? அப்படிக் கட்டினால் மக்கள் ஒன்றுகூடுகிறார்கள் என்பது உண்மையா? உங்கள் கடற்கரை ஊரில் இளைஞர் மன்றம் சேர்ந்து ஒன்று கட்ட முடியுமா? முதல் இரண்டும் மூன்றாவதற்கான முன்னுரை என்றே எனக்குப் படுகிறது. ஊரில் வசூல் செய்து, உயரத்தில் ஒன்றைக் கட்டினால், அதனால் ஊருக்கு ஏதாவது மிஞ்சுமா, அல்லது நாலு பேர் படம் எடுத்துக்கொண்டு போவதோடு முடிந்துவிடுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நான் கட்டமைப்புப் பொறியாளன். எஃகு வடங்களோடும் துணிக் கூரைகளோடும்தான் என் தொழில்வாழ்க்கை பெரும்பாலும் கழிந்திருக்கிறது. எனவே ஒரு வலை மேலே எப்படி நிற்கிறது, எப்போது விழும் என்பதை உறுதியாகச் சொல்வேன். அதன் கீழே நிற்கும் மனிதர்களுக்குள் என்ன நடக்கிறது என்பதில் என் சொல்லை ஒரு பார்வையாளனின் சொல்லாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரக் கதை உண்மை. எக்கல்மனே பலமுறை சொன்னது அது. 1997இல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் நல்கையில் இந்தியாவுக்கு வந்தார். அப்போது அவர் ஓவியர். இங்கே ஓவியக் கண்காட்சி வைப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். கண்காட்சித் தேதி நெருங்கியும், கப்பலில் அனுப்பிய வண்ணங்கள் மாமல்லபுரத்துக்கு வந்து சேரவில்லை. சிற்பிகளின் ஊர் ஆயிற்றே என்று வெண்கல வார்ப்பில் இறங்கினார். பெரிய உருவம் செய்ய வெண்கலம் கனத்தது, செலவும் தாங்கவில்லை. மாலையில் கடற்கரையில் நடந்தபோது மீனவர்கள் வலையைச் சுருட்டி மணலில் மேடு மேடாகக் குவிப்பதைக் கண்டார். தினமும் பார்த்த காட்சிதான். அன்று அது அவருக்குக் கனமே இல்லாத சிற்பமாகத் தெரிந்தது. அந்த மீனவர்களோடு சேர்ந்து முதல் வலைச் சிற்பத்தைச் செய்தார். தன் உருவத்தையே கேலி செய்யும் விதமாக அதற்கு ‘அகன்ற இடுப்பு’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். படம் எடுப்பதற்காகக் கம்பங்களில் ஏற்றியபோதுதான், காற்றின் ஒவ்வொரு அசைவையும் வலை வரைந்து காட்டுகிறது என்பதைக் கவனித்தார். அவருடைய பிற்காலப் படைப்புகள் எல்லாம் அந்த ஒரு கவனிப்பிலிருந்து வந்தவை.

கதையின் அடுத்த பாகம் நம் ஊரில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் மறுபடி இந்தியாவுக்கு வந்து, அதே மீனவர்களோடு பதினைந்து லட்சம் கைமுடிச்சுகள் கொண்ட பெரிய வலை ஒன்றைச் செய்தார். அது மாட்ரிட் நகரில் சிறிது காலம் தொங்கியது. பார்த்தவர்களில் ஒருவர் மானுவேல் சோலா மொராலஸ் என்ற நகரமைப்பாளர். போர்ச்சுகலின் போர்ட்டோ கடற்கரையைத் திருத்தியமைக்கும் வேலை அப்போது அவர் கையில் இருந்தது. இதையே நிரந்தரமாக அங்கே கட்ட முடியுமா என்று கேட்டார். நிரந்தரம் என்ற அந்தச் சொல்லோடு கைமுடிச்சின் காலம் முடிந்தது. புயல் காற்றைக் கைமுடிச்சு தாங்காது. இதில் மர்மம் எதுவும் இல்லை: முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கும். கயிற்றின் புரிகளைப் பிரித்து அதற்குள்ளேயே திரும்பப் பின்னிச் சேர்த்தால் இழப்பு மிகக் குறைவு. எக்கல்மன் மீன்வலை நெய்யும் ஆலை ஒன்றோடு கைகோத்தார். வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கும், ஆனாலும் மென்மையாக அசையும் இழை ஒன்றைத் தேடி இரண்டு ஆண்டுகள் அலைந்தார். துளை நிறைந்ததும் ஓயாமல் அசைவதுமான ஒன்றைக் கணக்கிட அப்போது மென்பொருள் இல்லை. பந்தயப் பாய்மரப் படகுகளுக்குப் பாய் வடிவமைக்கும் பீட்டர் ஹெப்பல் என்ற வானூர்திப் பொறியாளர் துணைக்கு வந்தார். 2005இல், போர்ட்டோவை ஒட்டிய மத்தோசின்யோஸ் என்ற மீன்பிடி ஊரின் சாலை வட்டத்துக்கு மேலே அந்த வலை எழுந்தது. அதைத் தாங்க ஏறத்தாழ 20 டன் எடையுள்ள எஃகு வளையம் தேவைப்பட்டது. அதில் இருக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் அந்த வட்டாரத்தின் புகைபோக்கிகளையும் கலங்கரை விளக்கங்களையும் நினைவூட்டுபவை. ஊர்க்காரர்கள் அதைக் கடற்சாமந்தி என்று தங்கள் மொழியில் செல்லமாக அழைக்கிறார்கள்.

‘அவர் நம் மீனவர்களிடமிருந்து திருடிவிட்டாரா’ என்று யாராவது அடுத்துக் கேட்பார்கள் என்பதால் என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலை பின்னும் வித்தை உலகத்தின் கடற்கரை எல்லாவற்றுக்கும் பொது. அதை ஒருவர் திருட முடியாது. பாஸ்டன் மீது தொங்கிய வலையில் மாமல்லபுரத்து முடிச்சு ஒன்றுகூட இல்லை என்பதும் உண்மை. ஆனால் 2011இல் டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் அவர் ஆற்றிய பேச்சைக் கேட்டுப் பாருங்கள். நகரமைப்பாளருக்குப் பெயர் இருக்கிறது, படகுப் பாய்ப் பொறியாளருக்குப் பெயர் இருக்கிறது. மீனவர்கள் ‘மீனவர்கள்’ என்று மட்டுமே வருகிறார்கள். அவர் நன்றியோடுதான் பேசுகிறார். நான் குறை சொல்வது கலையுலகின் பழக்கத்தை. இந்தக் குறையைத் திருத்த உங்கள் ஊருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பொறியாளன் என்ற முறையில் எனக்கு மிகவும் சுவையான கட்டம் 2010. டென்வர் நகரில் அமெரிக்கக் கண்டங்களின் முதல் ஈராண்டு விழாவுக்காக, அதாவது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தத் திட்டமிட்ட கலைவிழாவுக்காக, அவரிடம் ஒரு படைப்புக் கேட்டார்கள். தற்காலிகமான ஒன்றுக்கு 20 டன் எஃகு வளையம் கட்டுப்படியாகாது. எஃகை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாலிஎத்திலீன் குடும்பத்தைச் சேர்ந்த மிக வலுவான இழையாலான கயிற்று வலையையே சட்டமாக வைத்தார். ‘எஃகைவிடப் பதினைந்து மடங்கு வலிமை’ என்று இந்த இழையைப் பற்றி எல்லா இடங்களிலும் எழுதுகிறார்கள். சம எடைக்குச் சம எடை ஒப்பிட்டால்தான் அந்தக் கணக்கு சரி. சம தடிமனுக்கு இல்லை. அந்த இழை தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசானது, அதனால்தான் அந்தப் பெரிய எண். இன்னொன்றும் உண்டு. இடைவிடாமல் பாரம் தாங்கினால் அது மெல்ல மெல்ல நீளும். ஆகவே விறைப்பை அவ்வப்போது சரிபார்த்தாக வேண்டும்.

எஃகு போனதும் வலை தானாக நிற்க முடியாமல் ஆயிற்று. சுற்றியுள்ள கட்டடங்களைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாக வேண்டும். பொறியியல் மாற்றமாகத் தொடங்கிய இதுவே, உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி என்று நினைக்கிறேன். தன் கம்பத்தில் நிற்கும் சிலைக்கு ஒரே ஒரு நில உரிமையாளரின் சம்மதம் போதும். நான்கு கட்டடங்களில் கட்டிய வலைக்கு நான்கு உரிமையாளர்கள், அவர்களின் பொறியாளர்கள், காப்பீட்டுக்காரர்கள், மாநகராட்சி, தீயணைப்புத் துறை, கீழே கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வலை இல்லை. ஒருவரையொருவர் பார்க்காமலே பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள், தங்கள் சுவர் எத்தனை டன் இழுப்பைத் தாங்கும் என்று பேசிக்கொள்ளத் தொடங்குவார்கள்.

எத்தனை டன் என்பது வேடிக்கைப் பேச்சு அல்ல. துணி காயப்போடும் கொடியை யோசித்துப் பாருங்கள். தொய்வாகக் கட்டினால் ஆணி நிற்கும். ஈரப் புடவை போட்ட பிறகும் கொடி நேராகவே இருக்க வேண்டும் என்று விறைப்பாக இழுத்தால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். 100 மீட்டர் அகலத்துக்கு, மீட்டருக்கு 10 கிலோ எடையுள்ள ஒன்றைத் தொங்கவிட்டால் மொத்த எடை ஒரு டன். நடுவில் 5 மீட்டர் தொய்வு விட்டால் ஒவ்வொரு முனையிலும் பக்கவாட்டு இழுப்பு இரண்டரை டன். அழகுக்காகத் தொய்வை இரண்டரை மீட்டராகக் குறைத்தால் அதே இழுப்பு ஐந்து டன். இது காற்றே அடிக்காத நேரத்துக் கணக்கு.

இப்படிக் கட்டடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வலைக்குப் பாஸ்டன் நல்ல உதாரணம். 2015 மே முதல் அக்டோபர் வரை ரோஸ் கென்னடி பசுமைவழியின் மேலே எக்கல்மனின் வலை ஒன்று தொங்கியது. 600 அடி நீளம், உச்சியில் 365 அடி உயரம், 100 மைலுக்கும் அதிகமான கயிறு, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணுக்கள். அது தொங்கிய இடத்தின் வரலாறு முக்கியம். பல பத்தாண்டுகளாக அங்கே ஓர் உயர்மட்ட நெடுஞ்சாலை நகர மையத்தையும் துறைமுகக் கரையையும் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தது. பெரும் செலவில் அந்தச் சாலையை நிலத்துக்கு அடியில் இறக்கி, மேலே பூங்கா அமைத்தார்கள். எக்கல்மன் தன் வலையின் வண்ணப் பட்டைகளை, அங்கே முன்பு இருந்த ஆறு வாகனத் தடங்களை நினைத்து அமைத்தார். வலையில் உள்ள மூன்று பெரிய திறப்புகள், கடலைத் தூர்த்து நிலம் உண்டாக்குவதற்காகப் பழைய காலத்தில் வெட்டிச் சாய்த்த மூன்று குன்றுகளைக் குறிக்கின்றன. ஆக, ஊர் ஒருகாலத்தில் எங்கே பிளந்து கிடந்ததோ அங்கேயே கயிறு கட்டினார். ஆனால் பிளவை ஒட்டவைத்தது வலை அல்ல, சாலையை இறக்கிய பொதுப்பணம் என்பதையும் மறக்கக் கூடாது. வலை அந்த வேலை முடிந்ததை மக்கள் அண்ணாந்து பார்க்கும்படி செய்தது. அதுவும் பெரிய காரியம்தான்.

இப்போது, மக்கள் ஒன்றுகூடுகிறார்களா? உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. ஆட்கள் நிற்கிறார்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள், புல்வெளி இருந்தால் படுத்தே விடுகிறார்கள். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 2009இல் நிறுவிய வலையைப் பற்றி எக்கல்மன் சொல்லும் ஒரு நிகழ்ச்சி எனக்குப் பிடிக்கும். கலைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஒரு வழக்கறிஞர், அலுவலகத்தில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் வெளியே இழுத்து வந்தார். கோட்டும் சூட்டுமாக அவர்கள் முன்பின் தெரியாதவர்களின் பக்கத்தில் புல்லில் படுத்து, காற்று வலையில் வரையும் கோலங்களைப் பார்த்தார்களாம். 2014இல் வான்கூவரில் 745 அடி நீள வலை ஒன்றை ஏரன் கோப்ளின் என்ற கணினிக் கலைஞரோடு சேர்ந்து கட்டினார். கீழே நிற்பவர்கள் தங்கள் கைப்பேசியில் விரலை ஓட்டினால் மேலே ஒளி ஓடும். பக்கத்தில் நிற்பவரின் கோடும் உங்கள் கோடும் வானத்தில் ஒன்றோடொன்று மோதும்போது அவரைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது கடினம்.

சந்தேகத்துக்கு உரியது அதற்கு அப்புறம் உள்ளது. அன்று புல்லில் பக்கத்தில் படுத்தவர்கள் மறுநாள் பேசிக்கொண்டார்களா? வலை இறங்கிய பிறகு அந்த நட்பு நின்றதா? ‘சமூகத்தை இணைத்தது’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவது சுலபம். இணைந்ததை அளப்பது சுலபமில்லை. கூட்டம் வந்ததை எண்ணலாம், ஒட்டுறவு வளர்ந்ததை எண்ண முடியாது. பெரும் செலவு செய்தவர்கள் தங்கள் செலவு வீண் போகவில்லை என்று சொல்லத்தான் விரும்புவார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீனிக்ஸ் வலைக்கே சுமார் 24 லட்சம் டாலர் செலவாயிற்று. கட்டுவதற்கு முன்பு அந்தப் பணத்தைப் பற்றி ஊருக்குள் கடும் வாக்குவாதம் நடந்தது. எனக்குக் கேட்டால் அந்த வாக்குவாதமும் ஒன்றுகூடலில் சேர்த்திதான். ஊர்ப் பணம் எங்கே போக வேண்டும் என்று சண்டை போட்டுக்கொள்கிறவர்கள் ஊரைத் தங்கள் ஊராக நினைக்கிறவர்கள்.

இடத்தின் நினைவைத் தொட்டால் வலை ஆழமாகப் போகும் என்பதற்கு ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நல்ல சான்று. 2020இல் அங்கே கடலோரத்தில் நிறுவிய நீலமும் வெள்ளையுமான வலை, பழைய அஞ்சலட்டைகளில் காணப்படும் கடற்கரைக் குடைகளின் கோடுகளிலிருந்து பிறந்தது. அந்தக் கரையில்தான் ஒருகாலத்தில் கறுப்பினத்தவர் குளிக்கக்கூடாது என்ற தடையை அந்த ஊர் மக்கள் அமைதியாக எதிர்த்தார்கள். நகராட்சிக் கடற்கரையும் நீச்சல்குளமும் எல்லாருக்கும் உரியவை என்பது 1957இல் உச்ச நீதிமன்றம்வரை சென்று நிலைத்தது. நீதியை நோக்கி வளையும் வில் என்ற மார்ட்டின் லூதர் கிங்கின் உருவகமே படைப்பின் பெயர். வலை இல்லாமல் அந்த வழக்கு நடந்தது, வென்றது. இன்று குழந்தையோடு அங்கே உட்காரும் ஒருவர், ‘இது என்ன பெயர்’ என்று கேட்டால் அந்தக் கதையைச் சொல்ல ஒரு சாக்கு கிடைக்கிறது. கலை இத்தனையும் செய்தால் போதாதா என்று எனக்குத் தோன்றும். இதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

நம் பக்கத்தில் சென்னை கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றியவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. 2020 வாக்கில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சியில் குடியிருப்புச் சுவர்களில் பெரிய வண்ண ஓவியங்கள் வந்தன. அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் படம் பார்க்க வந்தார்கள். அது பொய்யான பயன் அல்ல. ஆனால் சுவர் அழகானதால் வேலை கிடைக்கும் இடம் கிட்டே வந்துவிடாது, குழாயில் தண்ணீர் கூடிவிடாது. உங்கள் மன்றம் வசூல் செய்யும்போது இதை முதலிலேயே ஊராரிடம் சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் காற்று. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மாலைநேரக் கடற்காற்று நொடிக்கு 5 மீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒன்றரைக் கிலோ அளவுக்குத்தான் அழுத்தும். சென்னைக்கு இந்தியத் தரநிலை விதிக்கும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வேகம் பத்து மடங்கு, அழுத்தம் நூறு மடங்கு: சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. வலை பெரும்பாலும் ஓட்டைதானே என்பீர்கள். பத்தில் ஒரு பங்குதான் நூல் என்று வைத்துக்கொண்டாலும், 20 மீட்டருக்கு 10 மீட்டர் வலையை நிமிர்த்திக் கட்டினால் புயலில் சுமார் மூன்று டன் இழுக்கும். இரண்டு ஆட்கள் தோளில் தூக்கிப் போகக்கூடிய வலை அது! பறந்து வரும் பிளாஸ்டிக் பைகளும் இலைகளும் அதில் சிக்கச் சிக்க இழுப்பு இன்னும் கூடும். இது தோராயக் கணக்குதான். வடிவத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கும் பொறியாளர் ஒருவர் உங்கள் இடத்தைப் பார்க்காமல் இந்த எண்ணை வைத்துக் கட்டிவிடாதீர்கள்.

அடுத்தது, எதில் கட்டுவது. இங்கேதான் நம் ஊர்களில் அதிகமாகத் தவறு நடக்கிறது. திருவிழாப் பந்தலைப் போல மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கயிற்றைச் சுற்றிவிடுவார்கள். கைப்பிடிச் சுவர் ஆள் சாய்ந்து நிற்பதற்காகக் கட்டியது. பக்கவாட்டில் டன் கணக்கில் இழுத்தால் செங்கல்லோடு கீழே வரும். மின்கம்பம், தென்னைமரம், கைப்பேசிக் கோபுரம் எதுவும் ஆகாது. கான்கிரீட் தூண் அல்லது தளவிட்டம், அதுவும் வலிமையைச் சோதித்த பிறகு. இல்லையென்றால் தனி அடித்தளம் போட்ட எஃகுக் கம்பம். உப்புக் காற்றில் கொக்கிகளும் திருகுகளும் துருப்பிடிப்பதுதான் முதல் ஆபத்து. துத்தநாகப் பூச்சு இல்லாத எதையும் கடற்கரையில் ஆள் தலைக்கு மேலே தொங்கவிடக் கூடாது.

நூலைப் பொறுத்தவரை, பழைய நைலான் வலைகளைச் சேர்த்துச் சாயம் போட்டுத் தொங்கவிடலாமே என்ற யோசனை எல்லாருக்கும் வரும். கழித்துப் போட்ட வலை வெயிலில் எவ்வளவு நலிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நைலான் தண்ணீரைக் குடித்து நீளும், வெயிலில் கிடந்தால் பொடியும். பழைய வலையை அலங்காரமாகச் சேர்க்கலாம், பாரம் தாங்கும் வேலைக்குப் புதிய கயிறுதான். பறவைகளையும் யோசியுங்கள். மெல்லிய நரம்பு வலையில் காகமும் கொக்கும் சிக்கிச் சாகும். தடித்த நூல், பளிச்சென்ற நிறம், அகன்ற கண்ணிகள் இருந்தால் ஆபத்து குறையும், முற்றாக நீங்காது. ஆகவே தினமும் ஒருமுறை பார்ப்பதற்கு ஆள் வேண்டும். கடலாமை முட்டையிட வரும் கரையாக இருந்தால் இரவு விளக்கு வேண்டவே வேண்டாம்.

காலத்தைப் பற்றி ஒரு யோசனை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. படகுகள் கரையில் இருக்கும், வலைகளைச் சீர்செய்யும் நேரமும் அதுதான். வலை ஊசி பிடிக்கத் தெரிந்த கைகள் ஊரில் இருக்கும். பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை. அந்த இரண்டு மாதத்தில் பின்னி, கட்டி, பார்த்து, வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் தொடங்கும் அக்டோபருக்கு முன்பே இறக்கிவிடுங்கள். மே மாதத்திலும் வங்கக் கடலில் புயல் உருவாகும் என்பதால், எச்சரிக்கை வந்த அன்றே சில மணி நேரத்தில் இறக்கிச் சுருட்டும்படி கப்பி வைத்துக் கட்டுங்கள். நிரந்தரமாகக் கட்டும் ஆசையை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஆண்டுதோறும் ஏற்றி இறக்கும் வலைக்கு ஆண்டுதோறும் ஆட்கள் கூட வேண்டியிருக்கும். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

அளவில் பேராசை வேண்டாம். 365 அடி வேண்டாம், ஆறு மீட்டர் உயரம் போதும். அண்ணாந்து பார்க்க அந்த உயரமே தாராளம், ஏணி வைத்துப் பழுது பார்க்கவும் முடியும். கீழே நிழலும் உட்கார இடமும் இருப்பது மேலே இருக்கும் நிறத்தைவிட முக்கியம். மத்தோசின்யோஸ் வலை எனக்கு மிகவும் பிடித்த வடிவம் என்றாலும், வாகனங்கள் சுற்றும் சாலை வட்டத்தின் நடுவில் இருப்பதால் அதன் கீழே யாரும் நிதானமாக உட்கார்ந்துவிட முடியாது. ஃபீனிக்ஸில் பூங்கா இருந்ததால்தான் வழக்கறிஞர் படுக்க முடிந்தது.

முன்பு சொன்ன வாய்ப்பு இது: வலை பின்னும் மூத்தவர்களைக் கூலியாட்களாக அழைக்காமல், வடிவம் தீர்மானிக்கும் முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். எந்த இடத்தில் கண்ணியைக் குறைத்தால் வலை மடியாகக் குவியும், எங்கே கூட்டினால் விரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. நான் கணினியில் நாள் முழுக்க உருட்டிக் கண்டுபிடிப்பதை அவர்கள் விரல் கணக்கில் சொல்வார்கள். நாள்கூலியைப் பேசி முன்பணமாகக் கொடுங்கள். பலகை வைத்தால், அவர்களின் சம்மதத்தோடு, ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். நன்கொடையாளர் பெயரைவிடச் சின்ன எழுத்தில் வேண்டாம்.

நிறத்தையும் கருப்பொருளையும் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை. டென்வர் வலையின் பெயர் ‘1.26’. 2010 பிப்ரவரியில் சிலியில் ஏற்பட்ட நிலநடுக்கம் பூமியின் ஒரு நாளை அத்தனை மைக்ரோநொடி (நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு) குறைத்தது என்பது நாசாவின் கணக்கு. அதை ஒட்டி எழுந்த கடலலைகளின் தரவிலிருந்துதான் வலையின் வடிவம் வந்தது. 2011 ஜப்பான் நிலநடுக்கத்தை வைத்தும் அவர் இதுபோல் ‘1.8’ என்ற வரிசையைச் செய்திருக்கிறார். 2004 டிசம்பரில் நம் கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கத்துக்கும் இப்படி ஓர் எண் உண்டு: 2.68. உங்கள் மன்றத்தில் யாராவது ‘அதையே நாமும் செய்வோம்’ என்று உற்சாகமாகச் சொல்லக்கூடும். டென்வர் கடலிலிருந்து வெகுதூரம். அங்கே அது ஒரு கருத்து. ஆட்களைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கும் தெருவில் அலையின் உருவத்தை வண்ணம் பூசித் தொங்கவிடலாமா என்பதை அந்த வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நடைமுறையில் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது வசூல் அல்ல. கட்ட நினைக்கும் இடத்தைச் சுற்றியுள்ள கட்டடங்கள் யாருடையவை, அவற்றின் தூண்கள் எங்கே, எந்த ஆண்டு கட்டியவை என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்தில் அனுமதி கேளுங்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று விசாரியுங்கள். பிறகு அந்தத் தாளோடு மேலே சொன்ன கணக்கில் எது புரியவில்லையோ அதைக் கேளுங்கள், முடிந்தவரை பதில் எழுதுகிறேன். இடத்தை நேரில் பார்க்காமல் ‘இது நிற்கும்’ என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.